பதினான்காம் தாளின் கடைசி இரண்டு வரிகள்

ஜூன் 30, வியாழன்.

நேற்றைய பிழை: இந்தப் பிரிவுபசார மடலின் முதல் வரைவில் தங்கள் பணிக்காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள் என்று எழுதிவிட்டேன். பதிவேட்டின்படி முப்பத்தோர் ஆண்டுகள், நான்கு மாதங்கள். நம் அளவீட்டுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளையும் முந்தைய நாளின் பிழையோடு தொடங்குவது தாங்கள் வைத்த வழக்கம். தங்களுக்கான மடலும் அப்படியே தொடங்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மங்கிய மையிலும் மெய்யைத் தேடிய மாண்பமை தலைமை ஆய்வாளரே! எழுத்தைப் படிப்போர் நடுவே எழுதிய மையைப் படித்த எங்கள் அம்மையே! வணக்கம்.

அகச்சிவப்பு விளக்கின்கீழ் கரி மை கறுப்பாகவே நிற்கும். இரும்பு மை மங்கி மறையும். அது எங்களுக்கும் எளிது. ஒரே நிறமுள்ள இரண்டு இரும்பு மைகளைப் பிரிக்க, எக்ஸ்ரே பாய்ச்சி, இரும்போடு துத்தநாகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். எழுத்தில்லாத இடத்தில் தாளையும் அளந்து கழிக்க வேண்டும். “வெறுந்தாளை அளந்தியா?” என்று தாங்கள் கேட்காத நாளில்லை. ‘வெறுந்தாள் அம்மா’ என்று நாங்கள் மறைவில் வைத்த பெயர் தங்களுக்கு எட்டவில்லை என்றே நம்பியிருந்தோம்.

பழைய மருத்துவர் ஒருவரின் கையெழுத்து நூலில், பதினான்காம் தாளின் கடைசி இரண்டு வரிகளும் மற்ற வரிகளின் மையால் எழுதியவையே என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் சான்றளித்தீர்கள். நம் நூலகம் அதைப் பட்டியலில் பெருமையாக அச்சிட்டது. இம்மாதத் தொடக்கத்தில், தாங்கள் எங்களுக்கு நடத்தும் மாலை வகுப்பின் பயிற்சிக்காக அதை மறுபடி அளந்தேன். துத்தநாகம் பொருந்தவில்லை. பிழை என்னுடையது என்று மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

காட்டியதும் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தீர்கள். அன்று வெறுந்தாளை அளந்தது ஒரே இடத்தில்; அதுவும் ஈரம் பட்டு, மை ஊறிய ஓரம். அங்கே ஊறியிருந்த துத்தநாகத்தைக் கழித்ததில் இரண்டு மையும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன.

“வெறுந்தாள் அம்மாவே வெறுந்தாள்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க!” என்று சிரித்தீர்கள். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நூலகக் காப்பாளர் மாடியிலிருந்து நம் கூடத்துக்கு இறங்கி வந்தார். “இன்னும் பதினெட்டு நாள்தான் மேடம். யாரும் கேக்கல. நிம்மதியா கிளம்புங்களேன்.”

“நான் கிளம்பிடுவேன் சார். என் கையெழுத்து இங்கதானே இருக்கும்?”

அன்று மாலையே சான்றைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்தீர்கள். அப்படியானால் மற்றச் சான்றுகளும் சந்தேகந்தானா என்று வெளியே பேச்சு கிளம்பியது. வெறுந்தாளை ஒரே இடத்தில் அளந்து தந்த சான்றுகள் இருபத்துமூன்று என்று தாங்களே பட்டியல் போட்டு, எங்கள் மேசையில் வைத்தீர்கள். “என்னைக் காப்பாத்தணும்னு யாரும் அளக்காதீங்க” என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னீர்கள்.

பதினேழை மறுபடி அளந்துவிட்டோம். பதினேழும் நின்றன. மூன்று முறை கூட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர் பெற்ற ஆய்வாளரோடு பணியாற்றினோம் என்ற பெருமை எங்களுக்கு முன்பே உண்டு. அந்தப் பெயரையே சோதனை மேசையில் வைத்தவரோடு பணியாற்றினோம் என்ற பெருமை இந்தப் பதினெட்டு நாளில் வந்தது.

மீதி ஆறின் முடிவு எதுவானாலும் அப்படியே தங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுவோம். அதைக் கண்ணாடியின்றிப் படித்து, எங்கள் கூட்டலில் தப்புப் பிடிக்கும் அளவுக்குக் கண்ணும் நலமும் நீண்டு நிலைக்கத் தாங்கள் பல்லாண்டு வாழ்க!

இங்ஙனம்,
மை ஆய்வுக்கூடப் பணியாளர்கள்

நாளைய வேலை: காலை பத்து மணி. பதினெட்டாம் சான்று. வெறுந்தாள், ஐந்து இடங்களில்.