கறுப்புப் பூசாத வரி

கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைச் சூட்டோடு கடித்தால் நாக்கு வெந்துவிடும், ரோண்டா. கொஞ்சம் ஆறட்டும். இந்தக் குளிரில் மாவு பொங்கி எழவே அரை நாள் ஆகிறது. நீ வருவாய் என்று தெரிந்துதான் நேற்றே பிசைந்து வைத்தேன். தொப்பியைக் கழற்றி வை, கண்ணு. உன் அம்மாவும் இப்படித்தான், யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள்.

அந்த ஃபைலை மேசைமேல் வை. அதுவும் எங்கும் ஓடாது, நானும் ஓடுகிற வயதில் இல்லை. ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆண்பிள்ளை யாரையாவது அனுப்பாமல் உன்னை அனுப்பினார்களே, அதில் எனக்குச் சந்தோஷம். நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் விமானத் தளத்தின் ஆவண அறையில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தகவல் கேட்கும் சட்டம் வந்த பிறகு, நாட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு கடிதம் போட்டு, ராணுவத்திடம் இருக்கும் காகிதத்தைக் கேட்கலாம். எங்களுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வானத்தைப் பற்றியவை. ராணுவக்காரர்கள் வானத்தில் எதையோ பார்த்தார்களாமே, என்ன பார்த்தார்கள், எழுதி வைத்ததைக் கொடுங்கள் என்று கேட்பார்கள். டெக்சாஸில் ஒரு பல் டாக்டர் மாதம் தவறாமல் எழுதுவார். ஒஹாயோவில் ஒருவன், தன் பெண்டாட்டியை வானத்திலிருந்து வந்தவர்கள்தான் தூக்கிப் போனார்கள் என்று அடித்துச் சொன்னான். பெண்டாட்டி புளோரிடாவிலிருந்து எங்களுக்கே எழுதினாள், தன் முகவரியை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று.

கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மறைக்க வேண்டியதை மறைப்பது என் வேலை. கறுப்புப் பட்டைப் பேனாவால் வரியை மூடுவோம். அதில் இரண்டு ஒழுங்கு உண்டு. படிக்காமல் எந்த வரியையும் மூடக்கூடாது, அது ஒன்று. நான் இரண்டு தடவை படிப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து படிக்காமல் ஒரு சொல்லைக்கூட மூடியதில்லை. இன்னொன்று, மூடிய காகிதத்தை அப்படியே அனுப்பக்கூடாது. ஜெராக்ஸ் எடுத்து அதைத்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மைக்கு அடியில் இருப்பதைப் படித்துவிடுவான்.

பக்கத்து மேசையில் ஆர்லீஸ் இருந்தாள். "ஏன் வெர்னா, எந்தக் காகிதம் வந்தாலும் கறுப்பா அப்பி வெக்கிறியே, இது என்ன ஆபீசா, எழவு வீடா?" என்பாள். நல்லவள். சிரிக்கத் தெரிந்தவள்.

அந்த மேசையில் உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்து ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த வரியை மனிதர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கம் முழுவதையும் கொடுத்தால் எதையும் நம்புவதில்லை.

என் தம்பி லைலை நீ பார்த்திருக்க மாட்டாய். நீ பிறக்குமுன் போய்விட்டான். லைல் ஹாவ்லிக். நான் கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டாட்லர் ஆகிவிட்டதால், எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்க இந்த ஊரில் கிழவர்கள் மட்டுமே மிச்சம். விமானப் படையில் சேர்ந்து, நம் தளத்தின் வடக்கு வேலியில் காவல் நின்றான். ஒரு நாள் வேலிக்குமேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் சத்தமே இல்லாமல் நின்றது என்று தொலைபேசியில் தெரிவித்தான். அது அவன் கடமை. மறுநாள் கேப்டன் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னானாம்: "அந்த நேரத்துல மேல ஒண்ணும் பறக்கலைன்னு காகிதம் சொல்லுது தம்பி. காகிதம் சொல்றதைத்தான் நான் நம்புவேன். உன் கண்ணு சொல்றது எனக்கு எதுக்கு?"

குடித்திருந்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னான். லைல் குடிக்க மாட்டான். போடவில்லை. மனநோய் வார்டில் கொஞ்ச காலம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் காப்பிக் கடைக்குள் அவன் நுழைந்தால் போதும், "வாப்பா லைலு, செவ்வாய்க் கிரகத்துல பொண்ணு பாத்துட்டியாமே? சீர்வரிசை பறக்கிற தட்டுல வருதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் எங்கள் சர்க்கரை பீட்ரூட் வயலுக்குள் நடந்து போய், வேலிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். உறைந்து கம்பத்தோடு ஒட்டிப்போயிருந்த அவனைப் பிரித்தெடுக்க என் புருஷன் வெந்நீர் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்தக் கேப்டன் பெயர் டெக்ஸ்டர் புரூயிட். பிறகு கர்னலானார், விருந்து வைத்து ஓய்வு கொடுத்தார்கள். விருந்துக்கு உருளைக்கிழங்குப் பணியாரம் செய்து கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆவண அறையில் லைல் பற்றிய பெட்டி எந்த அலமாரியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாராவது கேட்டால்தான் பெட்டி திறக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் கேட்கக்கூடாது. காத்திருந்தேன். உலகத்தில் எவன் எவனோ எதை எதையோ கேட்டான், லைலை யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது யார் தெரியுமா? புரூயிட். அந்த வருடம், அந்த வேலி, அந்த வெளிச்சம் பற்றிய எல்லாக் காகிதமும் வேண்டும் என்று, சொந்தக் கையெழுத்தில்.

பெட்டியைத் திறந்தேன். மேலாகவே இருந்தது. லைல் கூப்பிட்ட அதே நேரத்தில் ரேடாரில் அது தெரிந்திருக்கிறது. மேலே பறந்துகொண்டிருந்த ஒரு விமானியும் பார்த்திருக்கிறான், ஆரஞ்சு என்றே எழுதியிருக்கிறான். அடியில் மேலிடத்துக் குறிப்பு: தளத்தின் கேப்டனுக்கு இதைத் தெரிவிக்க வேண்டாம்.

நீ நினைப்பது புரிகிறது. அவருக்குத் தெரியாதே என்கிறாய். தெரியாதவர் கேட்டிருக்கலாம், ரோண்டா. எதிரே நின்ற பையனை நம்பியிருக்கலாம். அதற்குக் காகிதம் வேண்டியதில்லை.

நான் அவசரப்படவில்லை. ஒரு பக்கம் அனுப்பினால் அடுத்தது வர மாதக்கணக்கில் ஆகும்படி பார்த்துக்கொண்டேன். எல்லாம் கறுப்பு, நடுவே ஒரு வரி. "வடக்கு வேலி." அப்புறம் ஒரு பக்கத்தில், "ஜனவரி." ஒவ்வொரு பக்கத்துக்கும் போன் செய்வார்.

"அம்மா, புரூயிட் பேசறேன். மறுபடியும் தொந்தரவு."

"தொந்தரவு என்ன சார், இதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

"எங்க வரிப்பணம் பூரா இந்தக் கறுப்பு மை வாங்கியே தீருது போல. அதுக்கு அடியில என்னதாம்மா இருக்கு? ஜாடையாவது காட்டக் கூடாதா?"

"சட்டம் விடாது சார். நீங்க பாக்காத சட்டமா?"

சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒருமுறை கேட்டார், "லைல் ஹாவ்லிக்னு ஒரு பையன் இருந்தான். அவன் வீட்டு ஆளுங்க யாராச்சும் இன்னும் ஊர்ல இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல சார். எல்லாரும் போயாச்சு" என்றேன். இன்னும் யார் வாயையாவது அடைக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தார். வேறு எதற்குக் கேட்பார்?

கடைசிப் பக்கத்தை டிசம்பரில் தயார் செய்தேன். அலுவலகத்தின் பழைய தட்டச்சு இயந்திரம் சாமான் அறையில் இருந்தது, ரிப்பனை மட்டும் புதிதாக வாங்கினேன். காவல் குறிப்பின் அடியில் காலியாக இருந்த இடத்தில் இரண்டு வாக்கியம் அடித்தேன். "என்ஜின் ஓடும் வாகனம் அரை மைலுக்குள் இருக்கையில் பொருள் தென்படவில்லை. என்ஜினை அணைத்து நெடுநேரம் காத்திருந்தபின் தென்பட்டது." மற்ற எல்லாவற்றையும் மூடினேன். ஜெராக்ஸ் எடுத்தேன். தபாலில் போட்டேன்.

மூலக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இந்த அடுப்பில் போட்டேன். ரேடார், விமானி, எல்லாம். இருந்தால் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் அல்லவா. ஆமாம், லைல் பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த சாட்சி அது ஒன்றுதான். எனக்குத் தெரியும். சட்டென்று பற்றிக்கொண்டது, பழைய காகிதம்.

ஜனவரியில் இங்கே யாரும் என்ஜினை அணைக்க மாட்டார்கள், அணைத்தால் வண்டிக்குள் சூடு நின்று ஆள் உறைந்துபோவான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் போனாலும் வண்டியை ஓடவிட்டுத்தான் போவோம். பனியில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவரும் பாதி வாழ்நாளை இந்தச் சமவெளியில் கழித்தவர். அதனால்தான் எனக்கும் சந்தேகமாக இருந்தது. ஆனால் பார், காகிதம் சொல்லிவிட்டது. தன் தோல் சொன்னதைக் கேட்காமல், காகிதம் சொன்னதைக் கேட்டார்.

புறப்படுவதற்கு முன்னால்கூடப் போன் செய்தார். குரல் பையன் குரல் மாதிரி இருந்தது.

"வடக்கு வேலிக்குப் போறேம்மா. இந்தத் தடவை பாத்துடுவேன்னு தோணுது."

"இந்தக் குளுர்லயா சார்? கம்பளி எடுத்துக்கங்க."

"உங்களுக்கு இருக்கிற அக்கறை என் பிள்ளைங்களுக்குக்கூட இல்லம்மா."

எச்சரித்தேன் என்பதைக் குறித்துக்கொள். என் விரல் அவர்மேல் படவில்லை. அவர் வண்டிச் சாவியை நான் திருப்பவில்லை.

பனி தள்ளும் வண்டிக்காரன் பார்த்தபோது சீட்டைப் பின்னால் சாய்த்து, கண்ணாடி வழியாக மேலே பார்த்தபடி இருந்தாராம், மடியில் என் பக்கத்தோடு. எல்லாரும் கிழவருக்கு மாரடைப்பு என்றார்கள். நீ மட்டும் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாய். டேங்க் நிரம்பியிருக்கிறது, சாவி அணைத்த பக்கம் திரும்பியிருக்கிறது, இங்கே எவன் அப்படிச் செய்வான் என்று கேட்டாய். கெட்டிக்காரி. உன் அம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

எனக்கு வருத்தம் உண்டா என்றால், இல்லை. கண்ணை நம்பாமல் காகிதத்தை நம்பி என் தம்பியைக் கொன்றார். அதே காகிதத்தைக் கையில் கொடுத்து, அதே குளிரில் உட்கார வைத்தேன். லைலுக்காகச் செய்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

"அப்ப லைல் பாத்தது நெசம்னு இனிமே யாருக்குத் தெரியும், வெர்னா அத்தை?" என்று கேட்கிறாய். எனக்குத் தெரியும். போதாதா?

ஃபைலில் எதைத் தேடுகிறாய்? ஓ, அவருடைய முதல் கடிதமா. ஆமாம், அடியில் இருக்கும் கறுப்பு என் பேனாதான். உள்ளே வந்த கடிதத்தை யாரும் மூடுவதில்லைதான். வெளியே அனுப்பப்போவதில்லையே என்று ஜெராக்ஸும் எடுக்கவில்லை. இங்கேயே உட்கார்ந்து பாரேன், ஜன்னல் பக்கம் எதற்குப் போகிறாய்? கொலாச்சி ஆறிவிட்டது, ரோண்டா. வந்து சாப்பிடு.

"'அந்த ஹாவ்லிக் பையன் சொன்னது உண்மை என்பதற்கு ஒரு காகிதம் கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு போய் அவன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊர் நடுவே, எல்லார் முன்னாலும். அதற்குத்தான் கேட்கிறேன்.'"

நன்றாகப் படிக்கிறாய். சின்ன வயதில் சர்ச்சில் வாசகம் படிக்க உன்னைத்தான் நிறுத்துவார்கள்.

ஒன்றை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள், கண்ணு. மற்றதையெல்லாம் நான் செய்தேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த வரிகளை நான் படிக்கவில்லை. படிக்காமல்தான் பூசினேன்.