அசல் பிரேக்

வெள்ளைப் பட்டை டயரைத் துடைக்கப் பல் துலக்கும் பிரஷைவிட நல்ல சாதனம் இன்னும் வரவில்லை. மிருதுவான வகையாக இருக்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் விற்கும் நுரை மருந்தெல்லாம் ஆறே மாதத்தில் பட்டையை மஞ்சளாக்கிவிடும். இதை நீங்கள் கேட்கவில்லை மேடம், தெரியும். ஓடிஸ் பென்ராடின் பிரேக்கைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். எதையும் வரிசையாகச் சொல்லியே பழகிவிட்டேன்.

என் பெயர் டெல்பர்ட் ஹாக்மன். வயது எழுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரித்துப் போட்டவன். இந்த மாவட்டத்துப் பழைய கார் சங்கத்தில் பத்தொன்பது வருடமாகத் தலைமை நடுவர். என்னிடம் 1955ஆம் வருடத்து ஸ்டூட்பேக்கர் கார் ஒன்று இருக்கிறது. ஓடிஸிடமும் அதே வருடம், அதே மாடல். இரண்டும் நம் இண்டியானா மாநிலத்திலேயே பிறந்தவை. அந்த ஒற்றுமையில் தொடங்கியதுதான் எங்கள் நாற்பது வருடச் சிநேகிதம்.

மற்றபடி எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. என் வண்டி ஒன்பது வருடத்தில் பதினோரு மைல் ஓடியிருக்கிறது. கண்காட்சிக்கு மூடிய டிரெய்லரில் வரும், டிரெய்லரிலேயே திரும்பும். தொழிற்சாலையில் அன்றைக்கு யாரோ அடிச்சட்டத்தில் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய எண்களைக்கூடப் பழைய படங்களைப் பார்த்து அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன். எழுதியவர் இடதுகைக்காரர் போலிருக்கிறது. நானும் இடது கையாலேயே எழுதினேன்.

ஓடிஸ் தன் வண்டியில் மளிகைக் கடைக்குப் போவான். மழையில் போவான். பின்சீட்டில் பேத்திகள் இருவரும் கெச்சப்பைக் கொட்டிய கறை இருந்தது. அதைத் துடைக்கவே மாட்டான். அந்தக் காலத்து வண்டியில் இல்லாத சீட் பெல்ட்டைப் பொருத்தியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கை மாற்றியிருந்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் எண்ணெய்க்கு ஒரே அறைதான். எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். பிற்காலத்தில்தான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை வைத்தார்கள். ஓடிஸ் அந்த இரண்டறை மாஸ்டர் சிலிண்டரை வாங்கித் தன் வண்டியின் தரைக்கு அடியில் மாட்டியிருந்தான். நான் ஒவ்வொரு வருடமும் கோலில் கட்டிய கண்ணாடியை அடியில் நீட்டி அதைப் பார்ப்பேன். ஒவ்வொரு வருடமும் ஐந்து மதிப்பெண் குறைப்பேன்.

"எத்தனை வருசம்டா இதையே குனிஞ்சு குனிஞ்சு பாப்ப? உன் பொண்டாட்டிய இப்படிப் பாத்திருந்தா அவ போயிருக்கவே மாட்டா" என்பான். சுற்றி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

"அசல் இல்ல, ஓடிஸ்" என்பேன்.

"எம் பேத்திங்க அசல்டா. அவளுங்களுக்கு உதிரி பார்ட்ஸ் கிடைக்காது."

நன்றாகப் பேசுவான். ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் கண்காட்சியில் பொதுமக்களுக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஒவ்வொரு வண்டிக்கு முன்பும் ஒரு காலி காபி டப்பா இருக்கும். பிடித்த வண்டியின் டப்பாவில் சீட்டுப் போடலாம். ஓடிஸின் டப்பா பத்து மணிக்கே நிரம்பிவிடும். குழந்தைகளைத் தூக்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்து ஹாரன் அடிக்கவிடுவான், பிறகு ஏன் நிரம்பாது? போன வருடம் என் டப்பாவில் எட்டுச் சீட்டுகள் இருந்தன. ஒன்று சூயிங்கம் சுற்றிய காகிதம். எனக்கு அதனால் வயிற்றெரிச்சல் என்று சங்கத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தேறாததைத் தேறியது என்று ஊரே கைதட்டும்போது, அளக்கத் தெரிந்தவனுக்கு வருத்தமாக இருக்கும். அந்த வருத்தம்தான்.

இந்த ஜனவரியில் ஓடிஸும் அவன் மனைவி லோரீனும் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது, பார்த்து வை என்று வண்டியை என் ஷெட்டில் விட்டான்.

"சாவிய உங்கிட்டக் குடுக்கறப்பதான் எனக்குத் தூக்கம் வரும், டெல்" என்றான்.

லோரீன் காரமெல் பை என்ற பலகாரம் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "பட்டினியா கெடந்து அந்த வண்டிக்கு அடியிலயே படுத்திருக்காத, என்னப்பா. பையனுங்க மாதிரி ரெண்டு பேரும்" என்றாள். நல்ல பெண்மணி. பலகாரமும் நன்றாக இருந்தது.

எண்ணெய் ஒழுக்கை ஒரே பிற்பகலில் சரிசெய்துவிட்டேன். அவர்கள் திரும்பி வர இன்னும் மூன்று மாதம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் ஓடிஸுக்கு ஒரு நல்லது செய்யலாம் என்று தோன்றியது. இரண்டறை சிலிண்டரைக் கழற்றினேன். அந்த வருடத்து வார்ப்பு எண்ணோடு ஓர் ஒற்றை அறை சிலிண்டர் என்னிடம் இருந்தது, அதை மாட்டினேன். முன்சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், ஹோஸ் என்போம், அவை இரண்டையும் மாற்றினேன். அவையும் 1955ஆம் வருடத்துச் சரக்கு. டப்பா பிரிக்காதவை. பிரித்தபோது ரப்பர் வாசனை புதிதாகவே இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாசனை ஒரு பலவீனம். யாரும் பயன்படுத்தாததால் அது புதியது என்று மனம் சொல்லிவிடும். டப்பாவுக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாகங்களைச் சோதித்துத்தான் நான் பிழைப்பு நடத்தினேன்.

கழற்றியதை நீங்கள் என் அலமாரியில் கண்டெடுத்தீர்கள். துணியில் சுற்றி, 'ஓடிஸ், அசல் அல்லாதது' என்று தேதியோடு சீட்டு ஒட்டியிருந்தேன். ஏன் தூக்கி எறியவில்லை என்று உங்களோடு வந்த போலீஸ்காரர் கேட்டார். அடுத்தவன் பொருளை எறிவது எனக்குப் பழக்கமில்லை.

ஏப்ரலில் வண்டியை எடுத்துப் போனான். நான் பிரேக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கண்காட்சியன்று ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் சமவெளியில் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை.

கண்காட்சி ஜூன் இரண்டாம் சனி. காலையில் என் கண்ணாடியோடு அவன் வண்டிக்கு அடியில் பார்த்தேன். மதிப்பெண் தாளில், பிரேக்கின் அசல்தன்மை என்ற வரிசையில் பத்துக்குப் பத்து எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அந்தத் தாளை வைத்துத்தான் நீங்கள் என் வீட்டுக்கே வந்தீர்கள். வழக்கம்போல ஐந்தைக் குறைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, தெரியும். ஆனால் இல்லாத குறையை எழுத எனக்குக் கை வராது. மனிதனுக்கு ஏதாவது ஒன்றிலாவது நேர்மை வேண்டும்.

மதியம் டப்பாக்களை எண்ணினார்கள். ஓடிஸுக்குத்தான் அதிகம். அதில் ஜெயித்தவன் ஊர்வலத்துக்கு முன்னால் போவது வழக்கம். கோர்ட் தெரு மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நேர் இறக்கம். கரையில்தான் நடுவர் பரிசுகளை அறிவிப்போம்.

கிளம்புமுன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டான்.

"டெல், பெடல் இன்னிக்கு ஒரு மாதிரி மெத்துமெத்துன்னு இருக்குடா. நீ எதையாச்சும் நோண்டினியா?"

நான் புன்னகைத்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, நானே திறந்து சாத்தினேன்.

"மூஞ்சியப் பாரு, லோரீன். இவனே சிரிக்கிறான்னா நமக்குப் பரிசு நிச்சயம்" என்றான்.

பேத்திகள் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றதால் ஏறவில்லை. அது என் ஏற்பாடு அல்ல. அதற்கான நல்ல பெயரை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாதி இறக்கத்தில் ஹோஸ் விட்டுவிட்டது. ஹாரனை விடாமல் அடித்தான். தெருவின் ஒரு பக்கம் கொடியோடு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் பழைய பேங்க் கட்டிடத்தின் கல் சுவர். ஓடிஸ் சுவரைத் தேர்ந்தெடுத்தான். அந்தக் கால ஸ்டியரிங் கம்பி மடங்காது, நேராக நெஞ்சில் ஏறிவிட்டது. லோரீன் தோள்பட்டை எலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டாள். பெல்ட் போட்டிருந்தாள். அந்தப் பெல்ட்டுக்கு நான் வருடா வருடம் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். அன்றைக்கும் குறைத்திருந்தேன்.

ஓடிஸுக்காக அழுதேன். நம்பினால் நம்புங்கள். அந்த முன்பக்கக் கிரில்லைப் போல இன்னொன்று இனி எங்கும் கிடைக்காது, அதற்காகவும் அழுதேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருப்பது என் கையெழுத்துதான். 'முன் வலது ஹோஸ்: வெடிப்பு, எண்ணெய்க் கசிவு. பராமரிப்பில் அரை மதிப்பெண் குறைவு.' காலை ஒன்பது இருபதுக்கு எழுதியது. ஊர்வலம் ஒன்றரைக்கு. ஆம், அது இறக்கத்தில் தாங்காது என்று எனக்குத் தெரியும். எந்த இறக்கம் என்பதும் தெரியும். நாலு மணி நேரம் இருந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்கிறீர்கள். போதும்தான். ஆனால் பரிசு அறிவிக்கும்வரை நடுவர் எந்த வண்டியின் குறையையும் அதன் உரிமையாளரிடம் பேசக் கூடாது என்பது சங்கத்தின் விதி, மேடம். நண்பன் என்பதற்காக நான் அதை மீறியிருந்தால், நாளைக்கு என்னை யார் நடுவர் என்று மதிப்பார்கள்?