டாக்டர் எழுதின சொல்

— இன்னொருக்கா சொல்லு, ராமாத்தா. டாக்டரு சீட்டுல என்னன்னு எழுதியிருக்கறாரு?

— ரிலீவ்டுங்க.

— அப்படீன்னா குணந்தானே?

— இல்லீங்க. குணமுன்னா கியூர்டுன்னு எழுதுவாங்க. இது வேற.

— ரெண்டும் ஊட்டுக்கு அனுப்பறதுக்குத்தானே எழுதறாங்க?

— ஊட்டுக்குத்தானுங்க. கியூர்டுன்னா எலும்புருக்கி போயிருச்சு. ரிலீவ்டுன்னா தணிஞ்சிருக்குது. அவ்வளவுதான்.

— உனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? எவளோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கறா.

— பதினாறு மாசம் அந்த ஆசுபத்திரியில கெடந்தனுங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்குக்கூட அங்க இந்த ரெண்டு சொல்லு தெரியும். யாரு சீட்டு வாங்குனாலும், எந்தச் சொல்லுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. கெங்கவல்லிக்காரி உண்ணாமலை இந்தச் சொல்ல வாங்கிட்டுத்தான் போனா.

— போயி?

— தையில போனா. சித்திரையில திரும்பி வந்தா. அதே கட்டில்.

— பொறவு?

— மாட்டப் பாத்து ஓட்டுங்க. சக்கரம் பள்ளத்துல எறங்குது.

— அம்மா என்ன சொல்லி என்னைய அனுப்புச்சு தெரியுமா? சீட்டுல குணமுன்னு இருந்தாக் கூட்டிட்டு வா, இல்லீன்னா சங்ககிரி டேசன்லயே அவங்கப்பன் ஊட்டுக்கு ரயிலேத்திப்போடுன்னுச்சு. டேசன் தாண்டி மூணு மைல் வந்துட்டோம். இப்பச் சொல்ற.

— டேசன்ல சொல்லியிருந்தா ஏத்தி உட்டிருப்பீங்க. ஏனுங்க, அத்தைகிட்டக் குணமுன்னே சொல்லிப்போடுங்க.

— பொய்யா?

— நம்ம தெருவுல இங்கிலீசு தெரிஞ்சவங்க யாருங்க? சீட்ட நீட்டுனா அத்தை தலைகீழாப் புடிச்சுப் பாப்பாங்க.

— சிரிக்காத புள்ள. இருமல் இருக்குதா?

— நாலு மாசமா இல்லீங்க.

— ரத்தம்?

— இல்லீங்க.

— அப்புறம் எதுக்கு இந்தச் சொல்லு? மாத்தி எழுதுனா அந்த மனுசனுக்கு மசி கொறஞ்சா போவும்?

— கால்ல உழுந்து கேட்டனுங்க. உன்ற நெஞ்சுல அது தூங்குது, முழிக்காதுன்னு நான் எழுதித் தர முடியாதுன்னாரு. தட்டு, டம்ளர் தனியா வெச்சுக்க, கொழந்தைய மடியில வெக்காத, மொகத்துக்கிட்டக் கொண்டு போவாதன்னாரு.

— கந்தவேலு கேப்பானா? அம்மா எப்ப வரும்னு நெதம் என்ற உசிர வாங்கறான்.

— பேசறானுங்களா? நான் போறப்ப நடக்கக்கூட இல்லீங்களே.

— ஓடறான். நான் தறியில குந்துனாப் போதும், குழிக்குள்ள எறங்கி அவனும் மிதிக்கறான்.

— ஒரு மாசமுங்க. ஒரே ஒரு மாசம் அவன வெச்சுக்கறேன். பொறவு எங்கப்பன் ஊட்டுக்கு நானே போயிக்கறேன்.

— அவனுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?

— எனக்குத்தான் இருமலே இல்லீங்களே.

— எங்கிட்டச் சொல்றயா, உனக்கே சொல்லிக்கறயா?

— எறக்கி உடுங்க. நடந்தே வாரேன். அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்.

— குந்து, குந்து. ஓடற வண்டியில எந்திரிக்காத. சொல்றேன். குணமுன்னே சொல்றேன், போதுமா?

— சத்தியமாங்களா?

— சத்தியந்தான். கண்ணத் தொடச்சுக்க, தெரு வந்துருச்சு. அழுத மொகத்த அம்மாவுக்குக் காட்டாத.

— வாசல்ல நிக்கறது அவனுங்களா?

— அவன்தான். கிழவி கையப் புடிச்சு வெச்சிருக்குது, இல்லீன்னா வண்டிக்குள்ளயே பூந்துருவான். அம்மா, வந்துட்டோம்!

— செங்கோடா! அங்கயே நில்லு. மொதல்ல சீட்டுல என்ன போட்டிருக்குதுன்னு சொல்லு.

— குணமாயிருச்சும்மா! குணமுன்னுதான் எழுதியிருக்குது!

— அப்பாடா! என்ற வவுத்துல பால வாத்த சாமி! டேய் கந்தவேலு, அதா பாரு உன்ற அம்மா. ஓடு சாமி, ஓடிப் போயிக் கட்டிக்க!

— அத்தை, புடிங்க! அவன எங்கிட்ட உடாதீங்க, எனக்குக் குணமாவுலீங்க!