ஊறுகாய் ஜாடியில் வைத்த பெட்ரோல்

புளியரை மலைப்பாதை. இரண்டாவது வளைவு. காலை ஏழு பத்து. வேன் இருமுகிறது. டுப். டுப். கொஞ்சம் யோசிக்கிறது. மறுபடி ஒரு டுப். அப்புறம் சத்தமே இல்லை. வேன் பின்னால் உருள்கிறது. பின்னால் தேங்காய் லாரி.

"ஏலே, ஹேண்ட் பிரேக்கப் போடுலே!"

லாரிக்காரன் போட்ட சத்தம் அது. என் இளைய மகன் முருகன் இழுத்துவிட்டான். லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. இறங்கிப் பார்த்தேன். உயிரோடு இருந்தேன். சிரிப்பு வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். துக்க வீட்டில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வேன்.

எனக்கு எழுதத் தெரியாது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். யாரும் மறக்கக் கூடாது.

மூத்தவன் செல்லத்துரை வளைகுடாவில் இருந்தான். அங்கே சண்டை. பன்னிரண்டு நாள் குண்டு விழுந்தது. போனில் நானே கேட்டேன். முதலில் விசில் மாதிரி. பிறகு பாறை உருள்கிற மாதிரி. பிறகு போன் அறுந்துவிடும். அவன் அறையில் மூன்று பேர். இவன். என் ஓரகத்தி இசக்கியின் மகன். சுந்தரபாண்டியபுரத்துக் குமார். குமார்தான் சமையல். வேன் நின்ற அன்றைக்குத்தான் திருவனந்தபுரத்தில் அவர்கள் விமானம் இறங்குகிறது. பதினோரு மணிக்கு.

இசக்கி என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வடகரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் வீட்டு மாடு கிடாரிக் கன்று போட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவளிடம் வெள்ளைக் கார் இருக்கிறது. புதுசு. தன்னோடு வரச் சொன்னாள். என் மகனை என் வண்டியில்தான் கூட்டிவருவேன் என்றேன். தேங்காய் ஏற்றுகிற வேன்தான். இருந்தாலும் எங்களுடையது.

சண்டை தொடங்கியதும் பெட்ரோல் கிடைக்காது என்று பேச்சு. தென்காசியில் எல்லா பங்கிலும் வரிசை. முருகன் பத்து லிட்டர் கேனில் வாங்கிவந்தான். இசக்கி கண்ணில் பட்டால் கேட்பாள். கேட்டால் கொடுக்க வேண்டும். குளியலறைக்குப் பின்னால் ஒளித்தேன். கேன் இரண்டாம் நாளே உப்பியது. வெடித்துவிடுமோ என்று பயம். அப்படியே மாவடு ஜாடியில் ஊற்றினேன். வாயை வேட்டித் துணியால் கட்டினேன். மாவடுவை அப்படித்தான் வைப்போம். துணி கட்டினால் மூச்சு விடும், பொங்காது. பெட்ரோலுக்கும் மூச்சு வேண்டும் என்று நினைத்தேன்.

சாரல் காலம். குத்தாலத்தில் அருவி கொட்டினால் வடகரையில் உள்பாவாடை காயாது. ஒன்பது நாள் தூறியது. துணி நனைந்தது. நான் அதைத் தூக்கி உள்ளே பார்க்கவில்லை. கிளம்புகிற காலையில் ஜாடியை அப்படியே வேன் டேங்கில் கவிழ்த்தோம்.

ஏழு முப்பத்தைந்து. வெள்ளைக் கார் வருகிறது. நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது.

"ஏட்டி பேச்சி, ஏறு. சீட்டு சும்மாதான கெடக்கு."

"நீங்க போங்கக்கா. இந்தா, இப்பம் கெளம்பிருவோம்."

"எம்மா, ஏறிப் போயேன்" என்றான் முருகன். அவன் காலை மிதித்தேன்.

"சரிட்டி. அப்பம் உம் மவனயும் நானே கூட்டிட்டு வந்திருதேன்."

போய்விட்டாள். வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

புளியரையிலிருந்து மெக்கானிக் வந்தார். டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்தார். மேலே பெட்ரோல். கீழே தண்ணீர். நடுவில் கோடு போட்ட மாதிரி.

"ஆச்சி, மெயின் அருவியையே டேங்க்ல ஊத்திட்டியளே."

முருகன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். டேங்கைக் கழுவினார்கள். ஊற்றப் பெட்ரோல் இல்லை. செங்கோட்டை பங்கில் ஸ்டாக் இல்லை என்று பலகை. பதினோரு மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. பார்க்க வேண்டியது ஒரு முகம். அது விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது நான் வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று இருபது. கார் மேலேயிருந்து இறங்குகிறது. முன் சீட்டில் இசக்கியின் மகன். செல்லத்துரை குதித்து வருகிறான். எலும்பாக இருந்தான். கட்டிக்கொண்டேன். அந்த நேரம் அங்கே நின்ற குரங்குகூட எனக்கு அழகாகத் தெரிந்தது. வேனைக் காட்டிக் கதை சொன்னேன். சிரித்தான்.

"கண்ணு ஏம்லே வீங்கியிருக்கு?"

"ஏசி காத்தும்மா."

குமார் எங்கே என்றேன். இசக்கி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள்தான் சொன்னாள். கோதுமை மாவு வாங்கக் குமார் கீழே இறங்கினான். விசில் கேட்டது. இவர்கள் தேடிப் போனபோது கடை இல்லை. புனலூரிலிருந்து தென்மலை வரை என் மகன் அவள் மடியில் முகம் வைத்து அழுதிருக்கிறான். அவள் சேலையால் துடைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்கிறான்.

சுந்தரபாண்டியபுரத்துக்கு இசக்கியும் நானும் பஸ்ஸில் போனோம். குமாரின் தாய் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"உம்ம மவன் என்னத்தச் சொன்னான்? எம்புள்ளயக் கடைசியாப் பாத்தானாமா?"

நான் இசக்கியைப் பார்த்தேன். இசக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். மெதுவாக. ஒன்றையும் விடாமல். இரண்டு பேரும் அழுதார்கள். அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு பிறவி.

கணக்கு இது. போனவர் மூன்று பேர். திரும்பியவர் இரண்டு பேர். குமார் இல்லை. வயது முப்பத்தொன்று. பத்து லிட்டர் பெட்ரோல் போயிற்று. ஒரு ஜாடி போயிற்று, இனி அதில் மாவடு போட முடியாது. என் மகன் ஒரே ஒரு முறை அழுதான். அதுவும் போயிற்று, இசக்கி மடியில்.