ஐந்து பை மண்ணை ஒன்றாகக் கலந்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

மண்ணை மதித்த மாண்பாளரே! கரிசலையும் களரையும் கைப்பிடிக்குள் கண்டறியும் கலைஞரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த மண் ஆய்வுக்கூடத்தின் முதுகெலும்பாய் நின்ற முத்திருளன் ஐயா அவர்களே! மே மாத இறுதி நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் தங்களை, தங்களிடம் தொழில் கற்ற நாங்கள் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

இப்படிப்பட்ட மடல்களை அச்சடிக்கும் கடையில் மாதிரி ஒன்று தயாராகவே இருந்தது. "பேரை மட்டும் சொல்லுங்க மேடம், மத்தது எல்லாம் ரெடி" என்றார் கடைக்காரர். சலியாத உழைப்பு, சமுத்திரப் பொறுமை, சந்தனச் சிரிப்பு என்று அதில் கண்டிருந்த அனைத்தும் தங்களுக்குப் பொருந்தும், சிரிப்பைத் தவிர. ஒன்றரை ஆண்டுகளாக நீங்கள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அதற்குக் காரணமே நாங்கள்தான் என்பதால், மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆய்வக நுட்பர் பாண்டிமீனாவாகிய நானே இதை எழுதினேன். உதவியாளர் தங்கப்பாண்டியும் கணினி இயக்குநர் அஸ்வினியும் வரிவரியாகப் படித்துச் சம்மதித்த பிறகே இது இந்த மேடைக்கு வந்திருக்கிறது.

குழிக்குள் முதல் ஆளாய் இறங்கும் கொள்கையாளரே! மண்வெட்டியால் அரையடி ஆழம் கீறி, மேல்மண்ணை அள்ளி வந்தால் போதும் என்று ஊரே இருக்க, ஆளுயரக் குழி வெட்டச் சொல்லி, வெட்டியவரை மேலே ஏற்றிவிட்டு, தாங்களே உள்ளே இறங்கி, பக்கச் சுவரைக் கத்தியால் செதுக்கி, அடுக்கு அடுக்காய்த் தொட்டு, நனைத்து, உருட்டி, முகர்ந்து பார்ப்பீர்கள். பிறகு ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கட்டியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பீர்கள். கட்டி கட்டியாகவே கிடந்தால் முகம் மலரும். பால் ஊற்றியதுபோல் தண்ணீர் வெளுத்தால், அது நீரில் கரைந்துபோகும் மண் என்று அந்த அடுக்கின் பைக்குத் தனிச்சீட்டு விழும். பத்து நிமிடத்தில் முடிகிற சோதனைதான், ஆனால் உங்களைத் தவிர வேறு எவரும் அதைச் செய்ததில்லை.

கோச்சடையில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கொல்லையில் செழித்து நின்ற வாழையைக் காட்டி நீங்கள் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை. "இது வைகை போட்ட மண்ணு. பெரிய ஆறு, நிதானமாப் போடும். மேய்ச்சக்காட்டு ஓடை அப்பிடி இல்லம்மா. வருசத்துக்கு ரெண்டு தடவ வெறி பிடிச்சு ஓடி, கையில கெடச்சத எல்லாம் எறிஞ்சிட்டுப் போயிரும்."

எறிந்துவிட்டுப் போவது எதை என்பதையும் நீங்களே கற்றுத் தந்தீர்கள். ஆடு மாடு மேய்ந்து புல்லற்றுப் போன சரிவிலிருந்து ஒரு வெள்ளம் மணலைக் கொண்டு வரும். மறு வெள்ளம் மாவைப் போன்ற வண்டலைக் கொண்டு வரும். அதற்கடுத்தது இரண்டையும் அறுத்துக்கொண்டு போகும். பத்தடி தள்ளிக் குழி வெட்டினால் அடுக்கின் வரிசையே வேறாக இருக்கும். மேலே மெல்லிய ஏடு கட்டி, பார்க்க நல்ல நிலமாகத் தெரியும். மழை குறைந்த பூமியில் வடிந்து போக வழியில்லாத உப்பு மட்டும் இரண்டடிக்குக் கீழே தங்கியிருக்கும். அந்த அடுக்கு காய்ந்தால் கல், நனைந்தால் கஞ்சி. தண்ணீர் தேங்கினால் உள்ளுக்குள்ளேயே வளை குடைந்துகொண்டு போகும், மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதை நூறு முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

நூறு முறை கேட்டவர்கள் செய்ததை இனிச் சொல்கிறோம்.

மேலூருக்கு வடக்கே நரியோடைப் படுகையில், தலைமுறைகளாய்ப் பிறர் வயலில் கூலிக்கு உழைத்த முப்பத்தொரு குடும்பங்களுக்கு முதன்முதலாகச் சொந்த நிலம் கிடைத்தது. அங்கே என்ன பயிரிடலாம், மழைநீர் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டலாமா என்று நம் ஆய்வுக்கூடத்தைக் கேட்டார்கள். இரண்டாண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதத்தில் தாங்கள் குழிக்குள் இறங்கி, ஐந்து அடுக்கிலிருந்து ஐந்து பைகள் எடுத்து வந்தீர்கள். மூன்றாம் பையின் சீட்டில் சிவப்பு மையில் "தனியே சோதிக்க" என்று எழுதியிருந்தீர்கள். மறுநாளே கண்புரை அறுவைக்காக விடுப்பில் சென்றீர்கள்.

ஒரு விவசாயி தன் வயலின் பத்து இடங்களிலிருந்து மண் கொண்டுவந்தால், நாங்கள் அதைத் தாளில் கொட்டிக் கலந்து, நான்காய்ப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக்கிலோவாக்குவோம். கைக்குப் பழகிய வேலை. பக்கவாட்டில் பரந்து கிடக்கும் மண்ணுக்கு அது சரியான முறை. மேலிருந்து கீழாக எடுத்த மண்ணுக்கு அது பொய். நிதியாண்டு முடிவதற்குள் இத்தனை மண்வள அட்டைகள் முடித்தாக வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேல் இருந்தது. கணினியிலோ ஒரு சர்வே எண்ணுக்கு ஒரே வரிதான் இடம்.

"அக்கா, அஞ்சும் ஒரே சர்வே நம்பரு. கலந்துரவா?" என்று தங்கப்பாண்டி கேட்டான்.

"கலந்துரு" என்றேன் நான். சிவப்பு மையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நல்ல அடுக்கும் கெட்ட அடுக்கும் கலந்து நடுத்தரமாயிற்று. "பண்ணைக்குட்டைக்கு ஏற்றது" என்று அட்டை அச்சானது. கணினியில் பதிந்து வைத்திருந்த தங்கள் கையெழுத்து அதன் அடியில் தானாக விழுந்தது. அந்த நேரத்தில் நீங்கள் கண்ணில் கட்டுடன் படுத்திருந்தீர்கள்.

ஐப்பசி மழையில் குட்டைகள் நிறைந்தன. நிறைந்த நான்காம் நாள், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போன, அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த இருளாயி நின்றிருந்த கரை, அடியில் கரைந்துபோய், அவரோடு உள்ளே சரிந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. உடலை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

அவருடைய கணவர் கண்ணுச்சாமி அந்த அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்தார். இதே கூடத்தில்தான் நின்றார். "ஐயா, குழிக்குள்ள எறங்கி எம்புட்டு நேரம் பாத்தீக. அம்புட்டுப் பாத்துட்டு நல்ல மண்ணுன்னு எழுதுனீகளே. உங்கள நம்பித்தானய்யா வெட்டுனோம்" என்றார். "ஆமாய்யா" என்றீர்கள் நீங்கள்.

அவர் போனதும், மிச்ச மண்ணை ஓராண்டு அலமாரியில் வைத்திருக்கும் தங்கள் வழக்கப்படி, மூன்றாம் பையை எடுத்து ஒரு கட்டியைக் குவளையில் போட்டீர்கள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வெளுத்தது. யார் கலந்தது என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தபோது, "கையெழுத்து என்னுடையது" என்ற ஒரே வரியைப் பதிலாக எழுதினீர்கள். அஸ்வினி அழுதபோது, "உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு வருசம் இருக்கும்மா, எனக்கு ஒன்றரை வருசந்தான். விடுங்க" என்றீர்கள். நாங்களும் விட்டுவிட்டோம். அச்சுக்கடை மாதிரியில் இதற்குப் பெருந்தன்மை என்று பெயர் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கோழைத்தனம்.

பொறுத்தருளுங்கள் ஐயா, பாராட்டு மடலில் ஒரு குறையும் சொல்கிறோம். தாங்கள் செய்தது எங்களுக்கு நன்மை இல்லை. பழியை நீங்கள் சுமந்ததால் கணினியில் அந்த ஒரே வரி இன்றும் அப்படியே இருக்கிறது. நாளை வேறு ஓடையிலிருந்து ஐந்து பைகள் வந்தால் வேறொருத்தி "கலந்துரு" என்பாள். உங்கள் மேல் எங்களுக்குக் கோபமும் உண்டு, அந்தக் கோபம் இல்லாமல் இந்த மடலை எழுதியிருக்க முடியாது.

ஞாயிறு தவறாமல் நரியோடைக்குப் பேருந்தேறிய நல்லவரே! அங்கே வெட்டிய பதினான்கு குட்டைகளில் பதினொன்றைப் பேசிப் பேசியே மூடவைத்தவரே! மீதி மூன்றைச் சுற்றி முள்வேலி அடைத்தவரே! ஒவ்வொரு முறையும் கண்ணுச்சாமி வீட்டு வாசலில் போய் நின்று, அவர் முகம் கொடுத்துப் பேசாததால் நின்றபடியே திரும்பியவரே! இத்தனையும் அலுவலகத்தில் நீங்கள் சொன்னதில்லை. நேற்றுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆம், நேற்று நாங்கள் மூவரும் அங்கே போயிருந்தோம். யார் கலந்தது, யார் கலக்கச் சொன்னது, யார் பதிவேற்றியது என்று கண்ணுச்சாமியிடம் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். குட்டை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்து, "இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "அந்த மனுசன் வெயில்ல வந்து வந்து என் வாசல்ல நின்னாரு. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு நான் கேக்கலையே."

பணி நிறைவுக்குப் பின்னும் விசாரணை தொடரும் என்ற கடிதம், இன்று அணிவிக்கும் மாலையோடு தங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த விசாரணைக்கு இனி நீங்கள் தனியாகப் போக வேண்டாம். ஓராண்டு கடந்தும் நாங்கள் எறியாமல் வைத்திருந்த மூன்றாம் பையின் மிச்ச மண்ணையும், சிவப்பு மைச் சீட்டையும், எங்கள் கையொப்பமிட்ட இம்மடலின் ஒரு படியையும் இன்று காலை விசாரணை அலுவலரிடம் நேரில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டோம். இனி இதை மறைக்க உங்களாலும் முடியாது. வழக்கம்போல் இதைச் சட்டம் போட்டுத் தருகிறோம். சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் தங்கள் விருப்பம்.

அறுவை செய்த கண்கள் அகவை நூறு வரை தெளிவாய்த் திகழ்க! குழியில் இறங்கி ஏறிய முழங்கால்கள் வலியின்றி வாழ்க! வாழ்விணையர் அன்னக்கொடி அம்மையாரோடு நலமே நிறைந்து நெடிது வாழ்க! வருகிற ஞாயிற்றுக்கிழமையும் தாங்கள் நரியோடைக்குப் போவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அன்று வீட்டில் இருப்பதாகக் கண்ணுச்சாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், ஐயா.

இப்படிக்கு,

பாண்டிமீனா, ஆய்வக நுட்பர் – கலக்கச் சொன்னவள்
தங்கப்பாண்டி, ஆய்வக உதவியாளர் – கலந்தவன்
அஸ்வினி, கணினி இயக்குநர் – ஒரே வரியில் பதிவேற்றியவள்