எட்டு வயசுக்கு ஏத்த சாமானம்

அந்தப் படம் வரையிற சாமானத்த வாங்கலாமா வேண்டாமான்னு மூணு நாளு யோசிச்சேன் மேடம். ஒரு பிளாஸ்டிக் வளையம், உள்ள வச்சுச் சுத்த நாலு பல்சக்கரம். சக்கரத்து ஓட்டையில பேனாவக் குத்திச் சுத்தினா தாளுல பூ பூவா விழும். ரெண்டு நாளுல சலிச்சுப் போச்சுன்னா பிறகு என்னத்தக் காட்டிப் பிள்ளைய இருத்த?

திருவட்டாறு சந்தை முக்குல கடை வச்சிருக்க செல்வதாஸ் அண்ணன் சுத்திக் காட்டினாரு. "பாத்தியளா, பல்லோட பல்லு கடிச்சுப் பிடிச்சுக்கிடும். எவ்வளவு சுத்தினாலும் வளையத்த விட்டு வெளிய போவாது." அதக் கேட்டதும் எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. எட்டுன்னேன். பெட்டியிலயும் அதுதான் போட்டிருந்துது.

எனக்க மக அபினா அடம்பிடிக்கிற பிள்ளை இல்ல. ஜன்னலுக்குப் பலக அடிச்சது வெயிலுக்காக்கும். முந்திரி உடைக்கப் போவும்போ வெளிய பூட்டுவேன். வீட்டத் திறந்து போட்டுட்டு எந்தத் தாய் வேலைக்குப் போவா?

நாங்க இனயத்துக்காரங்க. அந்த ஞாயித்துக்கிழமை கடல் ஏறி வந்தப்ப எனக்க மாப்பிள மரியஜான் வள்ளத்துப் பக்கம் நின்னாரு, வரல. நான் ஒரு கையில மகன் சுஜின், மறுகையில அபினான்னு ஓடினேன். சுஜினுக்க கை வழுக்கிட்டு. நான் விடல மேடம், வழுக்கிட்டு. ஏழு வருஷமாயும் நெஞ்சு ஆறல.

மிச்சமிருந்த ஒண்ண ஊருல வச்சா பள்ளிக்கூடம், கோயிலுன்னு ஆளாளுக்கு வெளிய இழுப்பாங்க. அதனால செத்தவங்க பேரு கேட்டப்ப மூணு பேரு குடுத்தேன். கோயிலுக்கு முன்ன நாட்டின கல்லுல அபினா பேரும் உண்டு, போயிப் பாருங்க. பிறகு ரப்பர் விளைக்குள்ள இந்த வீட்ட எடுத்தேன். இங்க அலைச் சத்தம் கேக்காது.

வெளிய போணும்னு ரெண்டு வாட்டி அழுதா. "மக்கா, ஊருல நீ செத்தாச்சு, கல்லுல பேரு வெட்டியாச்சு. உன்னக் கண்டா பயப்படுவாங்க"ன்னு புரிய வச்சேன். பிறகு கேக்கல.

சாமானம் வந்ததும் நாளெல்லாம் சுத்தினா. "ஏட்டி, கண்ணு கெட்டுப் போவும்"னா சிரிப்பா. அவ சிரிச்சு நான் கண்டு வருஷமாச்சு. தாள் தீரத் தீர வாங்கிக் குடுத்தேன். வரைஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கத் தோணல. குளிமுறித் தண்ணி போற ஓட்டை வழியா சுருட்டிச் சுருட்டி வெளிய தள்ளியிருக்கா. ரப்பர் பால் வெட்ட வந்த கிருஷ்ணமணி ஒண்ண எடுத்து விரிச்சிருக்கான். பூவுக்கு நடுவுல மூணாங்கிளாசு கையெழுத்து: நான் அபினா. சாகல. உள்ள இருக்கேன்.

அந்தச் சவத்துச் சாமானத்த வாங்காம இருந்திருக்கலாம்.

பேரு குடுத்தது நான், பூட்டினது நான். எங்க சொன்னாலும் கையெழுத்து போடுகேன். இதுல ஒரு தப்பு மட்டும் திருத்துங்க, வயசு பதினஞ்சுன்னு போட்டிருக்கிய. ஜீப்புல ஏறும்போ அவ என்னத் திரும்பிப் பாக்கல. பயந்திருப்பா. ரோட்டக் கடக்கும்போ யாராவது கையப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க மேடம். எட்டு வயசுப் பிள்ளையில்லா.