குடிக்காம இறங்கின பாட்டில்

— நான் கொக்குதான் பேசுறேன். எழுபது மீட்டர் உயரத்துல, கிரேன் கேபின்ல உக்காந்திருக்கேன். காத்து ஜாஸ்தின்னு வேலையை நிறுத்தி வச்சிருக்காங்க. நான் பேசப் பேச போனே எழுதிக்குது, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. அக்கா, அம்மா, யார் வாசிச்சாலும் சரி... இந்த வாட்டி எனக்கு லீவு கிடைக்கல.

— டேய் கொக்கு. கீழருந்து பேசுறேன். வாக்கிடாக்கி பட்டனை அமுக்கிட்டே பேசியிருக்க. எல்லாம் கேட்டுச்சு.

— கேட்டா கேளு. வீட்டுக்கு சேதி போடுறேன்.

— லீவு கிடைக்கலையா? வெள்ளிக்கிழமைல இருந்து முப்பது நாள் குடுத்தாங்களே.

— மச்சான், வாயை மூடு. போன் எழுதிட்டிருக்கு.

— நல்லா எழுதட்டும். நேத்து நீயே வேண்டாம்னு எழுதிக் குடுத்தியாம். ஆபீஸ்ல சொன்னாங்க.

— போயி என்ன பண்ண? போன வருஷம் போனேன்ல. கல்யாணமான பத்தாம் நாளே இங்க வந்தவன், ஒரு வருஷம் கழிச்சு ஆசையா போறேன்... பக்கத்துல போய் பேசினா பொண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கிறா. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். அவளுக்கு என்னைப் பிடிக்கல மச்சான். நான் எதுக்கு அவளைக் கஷ்டப்படுத்தணும்.

— அடப்பாவி. பதினோரு மாசமா இதைத்தான் மனசுல வச்சிருந்தியா.

— சிரிக்கிறியா?

— சிரிக்கல. ஒண்ணு செய். கையுறையைக் கழட்டு. மணிக்கட்டை நக்கு.

— என்னது?

— நக்குடா. பத்து எண்ணு. காஞ்சதும் மோந்து பாரு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு...

— எண்ணிட்டியா?

— மச்சான்... செத்த எலி.

— அதான். நம்ம வாய் நாறுறது நமக்குத் தெரியாது.

— உனக்குத் தெரியுமா?

— உனக்கு மேல் கட்டில்ல படுக்குறேன். தெரியாம?

— ஏன்டா சொல்லல?

— ஜாடையா சொன்னேனே. பொறந்த நாளுக்கு நாக்கு வழிக்கிற கம்பி வாங்கிக் குடுத்தேன்ல.

— அதுவா... அதை வச்சு பெயிண்ட் டப்பா மூடியைத் திறந்தேன்.

— நாசமாப் போச்சு.

— ரெண்டு வேளையும் பல்லு தேய்க்கிறேன்டா. மிட்டாய் வேற போட்டுக்கிறேன்.

— சர்க்கரை மிட்டாய் இன்னும் மோசம். நீ தண்ணியே குடிக்கிறதில்ல, எச்சில் காஞ்சா வாய் நாறத்தான் செய்யும். பல்லு தேய்ச்சா மட்டும் பத்தாது, நாக்கை வழிக்கணும். தேய்க்கும்போது ரத்தம் துப்புறல்ல? ஈறைப் பல் டாக்டர்கிட்ட காட்டணும்.

— தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். இறங்கி ஏற முக்கால் மணி நேரம். கத்துவாங்க.

— நீ குடிக்கணும்னுதான் தினம் காலைல ஏணி அடியில தண்ணி பாட்டில் குடுக்குறேன். சாயங்காலம் நிறைஞ்சபடியே இறங்குது.

— அது சூப்பர்வைசர் ஆர்டர்னுதானே சொன்ன. அவருக்கென்ன, அவரா ஏணி ஏறுறாரு.

— நீ மேல இருக்கேங்கிறதே அவருக்கு ஞாபகம் இருக்காது.

— பின்ன?

— அவசரத்துக்குன்னு என் நம்பரை வீட்டுல குடுத்து வச்சிருக்கல்ல... நீ லீவு முடிஞ்சு வந்த மூணாம் நாள் உன் பொண்டாட்டி எனக்கு போன் பண்ணுச்சு.

— அவளா? என்ன சொன்னா?

— "அண்ணா, வீட்டுல இருந்தப்பவும் பகல்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. நான் சொன்னா நொந்துபோவாரு. நான் சொன்னேன்னு சொல்லாம நீங்களே குடிக்க வைங்க. அடுத்த தடவை வரும்போது நான் முகத்தைத் திருப்பக் கூடாது"ன்னுச்சு. அழுதுச்சுடா. கொக்கு, நீ எழுதிக் குடுத்த பேப்பர் இன்னும் ஆபீஸ் மேஜை மேலதான் கிடக்கு. கிழிச்சுடவா?

— இரு... தண்ணி குடிச்சுக்கிறேன்.

— மெதுவா குடி. பொறையேறப் போகுது.

— பாட்டில் காலி. கிழிச்சுடு மச்சான். அக்கா, அம்மா, இதை யார் வாசிச்சிட்டிருந்தாலும் இதோட நிறுத்திட்டு போனை அவ கையில குடுத்துடுங்க. முதல்ல இருந்து அவளே வாசிக்கட்டும்.